அடித்தவன்தான் எடுக்க வேண்டும்



சென்ற புரட்டாசியில் ஒருநாள், அஸர் தொழுகை முடிந்த பின் நமது மக்தப் பிள்ளைகள் மதரஸாவின் பின்புறத் திடலில் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தனர். திடலின் வடக்கு ஓரத்தில் ஓர் ஓட்டு வீடு இருக்கிறது. அதில் வசிப்பவர் கணவரை இழந்த மூதாட்டி. பிற மதத்தைச் சேர்ந்தவர். ரமளான் மாதத்தில் அவருடைய பேரன் தூக்குவாளியுடன் வந்து நோன்புக் கஞ்சி வாங்கிச் செல்வான். அறந்தாங்கிக்குக் கிழக்கே கடற்கரை வரையுள்ள ஊர்களை அறிந்தவர்களுக்கு இந்த உறவை விளக்க வேண்டியதில்லை.

அன்று பிள்ளைகளின் கையில் இருந்தது கார்க் பந்து. ஒரு சிறுவன் ஓங்கி அடித்ததில் அது அந்தக் கூரையில் விழுந்தது. நான்கைந்து நாட்டு ஓடுகள் நொறுங்கின. பிள்ளைகள் கலைந்து ஓடிவிட்டனர். மூதாட்டி பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். சத்தம் போடவில்லை. நாம் பந்தை வாங்கிக்கொண்டு, “சிறு பிள்ளைகள்தானே அம்மா, பொறுத்துக்கொள்ளுங்கள், நாம் கண்டிக்கிறோம்” என்றோம். “வெளையாடுற புள்ளைங்கதானே அஜரத்து” என்று சொல்லிவிட்டு அவரும் போய்விட்டார். மறுநாள் பிள்ளைகளைக் கண்டித்தோம். விஷயம் முடிந்தது என்றே எண்ணினோம்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. உடைந்த ஓடுகளின் வழியே இறங்கிய நீரில் அவர் வீட்டுக்குள் வைத்திருந்த இரண்டு நெல் மூட்டைகள் நனைந்து முளைவிட்டன. அதை அவர் நம்மிடம் வந்து சொல்லவில்லை. பேரன் எதேச்சையாக நம் மாணவன் ஒருவனிடம் சொல்லி, அவன் வழியாகத்தான் நமக்குத் தெரிய வந்தது.

அன்றிரவு இஷாவுக்குப் பின் கிதாபுகளை எடுத்து வைத்துக்கொண்டு அமர்ந்தோம். பல ஆண்டுகளாக மாணவர்களுக்கு ஓதிக் கொடுத்துவரும் பாடம்தான் அது. அதை அந்த மூதாட்டியின் கூரையோடு பொருத்திப் பார்க்க நமக்கு ஒரு மாத மழை தேவைப்பட்டிருக்கிறது.

பிறர் பொருளைச் சேதப்படுத்தியவர் அதற்கு ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர். இதை ஃபிக்ஹு நூல்கள் ‘ளமான்’ என்ற தலைப்பில் பேசுகின்றன. இங்கே பலருக்கும் ஒரு குழப்பம் இருக்கிறது. வேண்டுமென்று செய்யவில்லையே, தவறுதலாக நடந்ததற்கு எப்படிப் பொறுப்பாக முடியும் என்று கேட்கிறார்கள். அதற்கு நம் இமாம்கள் தரும் விடை தெளிவானது. எண்ணம் பாவத்தைத்தான் தீர்மானிக்கும். ஈட்டைத் தீர்மானிப்பது சேதம். தவறுதலாகச் செய்தவருக்கு அல்லாஹ்விடம் குற்றம் இல்லாதிருக்கலாம். பொருளை இழந்தவருக்கு இழப்பு அப்படியேதான் இருக்கிறது. உஸ்மானிய ஆட்சியில் 1869 முதல் 1876 வரை ஹனஃபி மத்ஹபின் அடிப்படையில் தொகுக்கப்பட்ட ‘மஜல்லா’ சட்டத் தொகுப்பின் 92ஆம் பிரிவு இதையே விதியாக்கியது. நேரடியாகச் சேதம் விளைவித்தவர், அதாவது ‘முபாஷிர்’, வேண்டுமென்று செய்யாவிட்டாலும் பொறுப்பாளியே. அடுத்த பிரிவு, சேதத்துக்குச் சுற்றுவழியில் காரணமாக இருந்தவரைப் பற்றியது. ‘முதஸப்பிப்’ எனப்படும் அவர் வேண்டுமென்று செய்திருந்தால் மட்டுமே அவர் மீது பொறுப்பு வரும்.

அப்படியானால் மட்டையால் அடித்தவன் முபாஷிர். பந்து வீசியவனோ, எல்லைக்கோட்டில் கேட்ச்சைத் தவறவிட்டவனோ அல்ல. விந்தை என்னவென்றால், இந்தச் சட்டத்தை நம் தெருப் பிள்ளைகள் எந்த மதரஸாவிலும் ஓதாமலே அறிந்து வைத்திருக்கிறார்கள். பந்து முள்வேலிக்குள் போனாலும், சாக்கடையில் விழுந்தாலும், கோபக்காரர் வீட்டுக் கொல்லையில் விழுந்தாலும் “அடிச்சவன்தான் எடுக்கணும்” என்பதே அவர்களுடைய நியதி. தொலைந்துபோனால் அடித்தவன்தான் புதுப் பந்து வாங்கித் தர வேண்டும். தமிழகத்தின் எந்தத் தெருவுக்குப் போனாலும் இதைக் கேட்கலாம். பந்தை எடுக்க வேண்டியவன் அடித்தவன் என்றால், ஓட்டை மாற்ற வேண்டியவன் யார் என்பதையும் அந்தப் பிள்ளைகளிடமே கேட்டிருக்கலாம். நாம் கேட்கவில்லை.

சிலர் வேறொரு வாதம் வைப்பர். பந்து எங்கே போகும் என்று அடித்தவனுக்குத் தெரியாது. கட்டவிழ்ந்து மேயப்போன ஆட்டைப் போன்றதுதான் அது என்பர். ஆடு மேய்ந்த வழக்கு குர்ஆனிலேயே இருக்கிறது. ஒரு கூட்டத்தாரின் ஆடுகள் இரவில் பிறருடைய விளைநிலத்தில் இறங்கி மேய்ந்துவிட்ட விவகாரத்தில் தாவூத் (அலை), ஸுலைமான் (அலை) ஆகிய இருவரும் தீர்ப்பளித்ததை ஸூரா அல்அன்பியாவின் 78, 79ஆம் வசனங்கள் குறிப்பிடுகின்றன. தஃப்ஸீர் நூல்கள் தரும் விவரப்படி, ஆடுகளையே நிலத்துக்காரரிடம் ஒப்படைக்கும்படி தந்தை தீர்ப்பளித்தார். நிலம் பழைய நிலைக்கு வரும்வரை ஆட்டுக்காரர் அதைப் பண்படுத்தட்டும், அதுவரை ஆடுகளின் பாலையும் பிற பயன்களையும் நிலத்துக்காரர் அனுபவிக்கட்டும், பின் அவரவர் பொருள் அவரவரிடம் திரும்பட்டும் என்பது மகனின் தீர்ப்பு. இழந்தவருக்கு இழப்பு ஈடாக வேண்டும், ஈடு செய்பவர் வாழ்விழந்து போகவும் கூடாது என்ற நுட்பத்தை அதில் காண்கிறோம்.

பராஉ இப்னு ஆஸிப் (ரளி) அவர்களின் ஒட்டகம் ஒரு தோட்டத்தில் புகுந்து பாழாக்கிய செய்தியை அபூதாவூதில் காணலாம். பகலில் தோட்டத்தைக் காப்பது தோட்டக்காரரின் கடமை, இரவில் கால்நடையைக் கட்டி வைப்பது அதன் உரிமையாளரின் கடமை என்று நபி (ஸல்) அவர்கள் பொறுப்பைப் பிரித்தளித்தார்கள். இவையெல்லாம் தானாக நடக்கும் உயிருள்ள பிராணிகளைப் பற்றியவை. பந்துக்குக் கால் கிடையாது. கையிலிருந்து புறப்பட்ட வேகத்தில், புறப்பட்ட திசையில் போகும் பொருளுக்கு ஹதீஸில் உவமை தேடினால் அம்பும் கல்லும்தான் கிடைக்கும்.

அவற்றைப் பற்றியும் வழிகாட்டல் உண்டு. பள்ளிவாசலிலோ கடைத்தெருவிலோ அம்புகளுடன் நடப்பவர், யாரையும் கீறிவிடாதபடி அவற்றின் முனைகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். விரலிடுக்கில் சிறு கல்லை வைத்துச் சுண்டி எறியும் பழக்கத்தையும் தடுத்தார்கள். அதனால் வேட்டைப் பிராணி வீழ்வதில்லை, எதிரியும் காயப்படுவதில்லை. ஆனால் ஒருவரின் பல் உடையலாம், கண் போகலாம் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. இதை அறிவித்த அப்துல்லாஹ் இப்னு முகஃப்பல் (ரளி) அவர்கள், சொல்லிய பிறகும் கல் சுண்டிய ஒருவரிடம் இனிப் பேசவே மாட்டேன் என்று கூறும் அளவுக்குச் சினந்தார்கள். புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இச்செய்தி உண்டு. விளையாட்டு வேண்டாம் என்று இதிலிருந்து யாரும் சட்டம் எடுத்துவிட வேண்டாம். அம்பெய்யப் பழகுவதை ஆர்வமூட்டியவர்களும் அதே நபி (ஸல்) அவர்கள்தாம். எங்கே, எதைக் கொண்டு, யாருக்கு அருகில் என்பதுதான் பேச்சு. ஓட்டு வீட்டுக்குப் பத்தடி தூரத்தில் கார்க் பந்து என்பது முனை பிடிக்காத அம்பு.

சிறுவனுக்குக் கடமைகளே இல்லையே, பருவமடையும் வரை அவனை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளதே என்றொரு கேள்வி எழும். உயர்த்தப்பட்டது பாவத்தை எழுதும் கோல்தான். பிறர் பொருளின் ஈடு அடியார்களின் உரிமை. அது சிறுவனின் சொத்திலிருந்து கொடுக்கப்பட வேண்டும். நம் கடலோர ஊர்களில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபும், உள்பகுதிகளில் பரவலாக உள்ள ஹனஃபி மத்ஹபும் இதில் ஒன்றுபடுகின்றன. மஜல்லாவின் 916ஆம் பிரிவு இன்னும் ஒரு படி விவரமாகச் சொல்கிறது. சிறுவனிடம் சொத்து இல்லையென்றால் அவனுக்கு வசதி வரும்வரை காத்திருக்க வேண்டும்; அவனுடைய பொறுப்பாளரைக் கட்டாயப்படுத்த முடியாது. பெரியவர் ஒருவர் ஏவித்தான் செய்தான் என்றால் பேச்சு வேறு.

இந்தக் கடைசிப் பகுதியைப் படிக்கும் தந்தைமார்களில் சிலர் நிம்மதிப் பெருமூச்சு விடக்கூடும். விட வேண்டாம். அந்தச் சட்டம் உங்களைக் காப்பாற்றவில்லை. உங்கள் மகனின் பெயரில் ஒரு கடனை எழுதி வைத்திருக்கிறது. அவனுக்கு இருபது வயதாகி முதல் சம்பளம் வாங்கும்போது, பன்னிரண்டு வயதில் உடைத்த ஓட்டின் கடன் அவன் தோளில் இருக்கும். அவன் மறந்திருப்பான், உங்களுக்கும் நினைவிராது. அந்த மூதாட்டி உயிரோடு இருப்பாரா என்பதும் தெரியாது. பிறர் உரிமைகளைச் சுமந்துகொண்டு தொழுகையோடும் நோன்போடும் மறுமையில் வந்து நிற்கும் திவாலானவரைப் பற்றிய ஹதீஸை ஜும்ஆவில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! வாப்பா இன்றே கொடுத்துவிட்டால் அது மகனுக்குச் செய்யும் உதவி. சட்டத்தில் கட்டாயமில்லை என்பதால் மட்டும் அதைச் செய்யாமல் இருக்கும் தந்தையை நாம் புரிந்துகொள்ள இயலவில்லை.

நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சுருக்கமாகப் பார்க்கலாம். பந்து பட்டுக் கண்ணாடி உடைந்ததற்குக் காவல் நிலையம் போவதில் பயனில்லை. சொத்துச் சேதம் குற்றமாக வேண்டுமானால் கெடுதல் செய்யும் எண்ணமோ, கெடுதல் நேரும் என்ற அறிவோ இருக்க வேண்டும். ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையின் செயல் குற்றமே ஆகாது. ஏழு முதல் பன்னிரண்டு வரை அதன் பக்குவத்தைப் பொறுத்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இந்த நிலையே தொடர்கிறது. மிஞ்சுவது உரிமையியல் வழக்கு. அந்தச் சட்டம் பெரும்பாலும் ஆங்கிலேயத் தீர்ப்புகளிலிருந்து வந்தது என்பதால், அவர்களின் இரண்டு வழக்குகளைப் பார்ப்பது சுவையானது.

1947 ஆகஸ்ட் 9 அன்று மான்செஸ்டரின் சீத்தம் பகுதியில் ஒரு பெண்மணி தம் வீட்டின் முன் சாலையில் நின்றுகொண்டிருந்தார். அருகிலிருந்த மைதானத்திலிருந்து கிட்டத்தட்ட நூறு கஜம் பறந்து வந்த பந்து அவரைத் தாக்கியது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் ஆறு முறை போலத்தான் பந்து அந்த வேலியைத் தாண்டியிருந்தது. இவ்வளவு அரிதான ஆபத்துக்கு முன்னேற்பாடு செய்யாதது கவனக்குறைவாகாது என்று 1951இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அடிபட்டவருக்கு ஈடில்லை. அது உடற்காயம் பற்றிய வழக்கு; பொருட்சேதம் அல்ல. ஆயினும் இரண்டு பார்வைகளுக்கும் உள்ள வேறுபாடு அதில் துலங்குகிறது. அடித்தவர் கவனமாக இருந்தாரா என்பது அவர்களின் முதல் கேள்வி. யாருடைய செயலால் யார் இழந்தார் என்பது ஃபிக்ஹின் முதல் கேள்வி.

இரண்டாவது, 1977இல் முடிந்த லிண்ட்ஸ் கிராம வழக்கு. எழுபது ஆண்டுகளாக விளையாட்டு நடந்துவந்த மைதானத்தின் ஓரத்தில் 1970களில் புதிய வீடுகள் எழும்பின. பந்துகள் ஓட்டை உடைத்தன, தோட்டத்தில் விழுந்தன. கிளப் பதினைந்தடி உயரத்துக்கு வேலி எழுப்பியது. சேதத்துக்குப் பணம் தரவும், உடையாத கண்ணாடி பொருத்தவும், தோட்டத்தின் மேல் வலை கட்டவும் முன்வந்தது. வீட்டுக்காரர் விளையாட்டையே நிறுத்தக் கோரினார். நீதிமன்றம் விளையாட்டை நிறுத்தவில்லை. 400 பவுண்டு ஈடு கொடுக்கச் சொன்னது. விளையாட்டும் தொடரட்டும், இழப்பும் ஈடாகட்டும் என்ற இந்த முடிவு நமக்குப் பிடித்திருக்கிறது. அது ஸுலைமான் (அலை) அவர்களின் தீர்ப்புக்குச் சற்றே பக்கத்தில் வருகிறது.

எல்லா வழக்கும் இப்படிச் சிக்கலானதல்ல. 2021 ஆகஸ்டில் டப்ளினில் நடந்த ஓர் ஆட்டத்தில் அயர்லாந்து வீரர் கெவின் ஓ பிரையன் அடித்த சிக்ஸர், நிறுத்தி வைத்திருந்த அவருடைய சொந்தக் காரின் கண்ணாடியையே உடைத்தது. கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒருவரே. அதற்கு எந்த முஃப்தியும் தேவையில்லை.

பொருளை இழந்தவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊர்களில் பந்து வீட்டுக்குள் விழுந்தால் அதை அரிவாள்மனையில் இரண்டாக அறுத்து வெளியே எறியும் வழக்கம் இருக்கிறது. அந்தப் பந்து யாருடையது என்று அறுப்பவர் யோசிப்பதில்லை. அடித்தவன் ஒருவன், பந்து வாங்கியவன் வேறொருவன், அல்லது பத்துப் பேர் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டு வாங்கியது. அறுத்த மறுநொடியே அவரும் பிறர் பொருளைச் சேதப்படுத்தியவராகிறார்; அவர் மீதும் ளமான் வந்துவிடுகிறது. அதேபோல, பழைய பொருள் உடைந்ததற்குப் புதுப் பொருளின் விலையைக் கேட்பதும் நியாயமன்று. நிகரான பொருள் கிடைத்தால் நிகரான பொருள். கிடைக்காவிட்டால் உடைந்த நேரத்தில் இருந்த மதிப்பு. நபி (ஸல்) அவர்களின் வீட்டிலேயே ஒரு தட்டு உடைந்தது. உணவு கொண்டுவந்த பணியாளின் கையை மனைவியரில் ஒருவர் தட்டிவிட்டார். நபியவர்கள் யாரையும் கடிந்துகொள்ளாமல் சிதறிய துண்டுகளைத் தம் கையாலேயே சேர்த்தெடுத்தார்கள். பின் உடைத்தவர் வீட்டிலிருந்த நல்ல தட்டைக் கொடுத்தனுப்பி, உடைந்ததை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். கோபமும் இல்லை, கணக்கும் விடுபடவில்லை.

இதை இவ்வளவு விரித்து எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2019 மார்ச்சில் ஹோலி நாளன்று, ஹரியானாவின் குருகிராமில் கிரிக்கெட் விளையாட்டை ஒட்டி எழுந்த தகராறு, ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வீட்டுக்குள் கும்பல் புகுந்து தடிகளால் தாக்குவதில் முடிந்தது. 2023 ஜூனில் குஜராத்தின் பாட்டன் மாவட்டத்தில், ஆட்டத்தின் நடுவே பந்தை எடுத்த தலித் சிறுவன் மிரட்டப்பட்டான். தட்டிக் கேட்ட குடும்பத்தில் ஒருவரின் கட்டைவிரல் வெட்டப்பட்டது. புதுக்கோட்டைச் சீமையில் அல்லாஹ்வின் அருளால் நாம் இன்னும் மாமன் மச்சான் என்று அழைத்து வாழ்கிறோம். அந்த அழைப்பு மீதமிருப்பதால் அந்த மூதாட்டி சத்தம் போடாமல் திரும்பிப் போனார். அவருடைய மௌனத்தை நாம் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டோம். உரிமையைக் கேட்கத் தயங்கியவரின் மௌனம் அது. சிறுபான்மையாக வாழ்வது எப்படி என்று நாம் அடிக்கடி பேசுகிறோம். நம் பள்ளிவாசல் தெருவில் அவர் சிறுபான்மை என்பது நமக்குத் தோன்றவே இல்லை.

ஜமாஅத்துகளுக்கும் இதில் பங்குண்டு. வக்ஃபு நிலத்தில் கடை கட்டி வாடகைக்கு விட யோசிக்கும் வேகத்தில், பிள்ளைகள் ஓடி விளையாட ஓர் இடத்தை யோசிப்பதில்லை. இருக்கும் திடலுக்கு ஒரு வலை கட்ட எவ்வளவு செலவாகும் என்று நாம் முத்தவல்லியிடம் கேட்டபோது, அவர் முதலில் சிரித்தார். பிறகு கணக்குப் பார்த்தார். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இனி நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். அடித்த சிறுவனைத் தனியே அழைத்துப் பேசினோம். பன்னிரண்டு வயது. முதலில், தான் அடிக்கவில்லை என்றான். பின், எல்லோரும்தானே விளையாடினோம் என்றான். “பந்தை யார் போய் எடுத்திருக்க வேண்டும்?” என்று கேட்டதும் தலை குனிந்துகொண்டான். அவனிடம் பெருநாள் காசு சேர்ந்திருந்தது. வாப்பா முழுவதையும் தாமே தருவதாகச் சொன்னார். வேண்டாம், அவன் காசிலிருந்தே போகட்டும், போதாததை நீங்கள் போடுங்கள் என்று கேட்டுக்கொண்டோம். கூட விளையாடிய பிள்ளைகளும் விரும்பிக் கொஞ்சம் சேர்த்தார்கள். அது அவர்கள் மீது கடமையன்று என்பதையும் சொல்லியே வாங்கினோம்.

நாட்டு ஓடு இப்போது எளிதில் கிடைப்பதில்லை. நிகருக்கு நிகர் என்று பாடம் நடத்துவது சுலபம். அந்த நிகரைத் தேடி மூன்று ஊர் அலைந்தோம். கடைசியில் இடித்துக்கொண்டிருந்த ஒரு பழைய வீட்டிலிருந்து ஓடுகளை வாங்கினோம். சிறுவன் நம் வண்டியின் பின்னால் அமர்ந்து மடியில் வைத்துக் கொண்டுவந்தான். கொத்தனார் கூரையில் ஏறியபோது கீழிருந்து எடுத்துக் கொடுத்தவனும் அவனே.

நெல்லின் கணக்கு நம்முடையது. ஓடுகளை உடைத்தவன் சிறுவன்; அவற்றை ஒரு மாதம் உடைந்த நிலையிலேயே இருக்கவிட்டது நமது வாய்ச்சொல். ஃபிக்ஹின்படி அது நம் மீது விழுமா என்று வாதாட இடமிருக்கிறது. வாதாட மனம் வரவில்லை. இரண்டு மூட்டைக்கான பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் வெகுநேரம் மறுத்தார். பிறகு ஒரு மூட்டைக்கு மட்டும் எடுத்துக்கொண்டு, “மத்தத கோழிக்குப் போட்டுட்டேன் அஜரத்து, அது வீணாப் போகல” என்று மீதியைத் திருப்பித் தந்தார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. திரும்பத் தந்ததை அவர் மனமுவந்து விட்டுக்கொடுத்ததாகவே எடுத்துக்கொள்ளலாமா என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டோம்.

திடலில் இப்போது ரப்பர் பந்துதான். வடக்குப் பக்கம் தூக்கி அடித்தால் அவுட். பிள்ளைகளே வைத்த சட்டம். நம்மை யாரும் கேட்கவில்லை.